மண்ணுக்குள் வளரும் தண்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இஞ்சி, மஞ்சள், உருளை, சேனை, வாழை ஆகிய பயிர்களை நடுவோரும், தாவரவியல் படிக்கும் மாணவர்களும், தோட்டத்தில் கோரையோடு போராடுவோரும் தரைகீழ்த் தண்டுகளைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. பயிருக்குப் பயிர் வழக்கம் மாறினாலும், இக்கேள்விகளில் பெரும்பாலானவை மொட்டு எங்கே இருக்கிறது, அது எப்போது விழிக்கிறது என்பதையே சுற்றி வருகின்றன.

மண்ணுக்குள் இருக்கும் ஒன்றை வேர் என்று சொல்லாமல் தண்டு என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

இருக்கும் இடத்தை வைத்து அல்ல, உறுப்பின் அமைப்பை வைத்தே அது முடிவு செய்யப்படுகிறது. தண்டுக்குக் கணுவும் கணுவிடையும் உண்டு. கணுவில் ஓர் இலையும், அந்த இலையின் கக்கத்தில் ஒரு கோணமொட்டும் இருக்கும். வேருக்கு இவை கிடையாது. மண்ணுக்குள் வெளிச்சம் இல்லாததால் இலைக்கு வேலை இல்லை. ஆகவே அது பழுப்பு நிறச் செதிலாகச் சுருங்கிவிடுகிறது, சில வேளைகளில் வெறும் தழும்பாகவே எஞ்சுகிறது. ஆனால் கணுவும் மொட்டும் மறைவதில்லை.

கழுவிய பச்சை மஞ்சள் விரல் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதைச் சுற்றி வளையம் வளையமாகக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு வளையமும் ஒரு கணு; காகிதம் போல உரிந்துவரும் மெல்லிய தோல் செதிலிலையின் எச்சம்; பக்கவாட்டில் முத்து முத்தாகப் புடைத்திருப்பவை கோணமொட்டுகள். உருளைக்கிழங்கில் நாம் கண் என்று சொல்லும் குழியும் ஒரு கணுதான். அந்தக் குழியின் ஓரத்தில் புருவம் போல வளைந்திருக்கும் கோடு செதிலிலையின் தழும்பு, உள்ளே இருப்பவை மொட்டுகள். கண்களை வரிசையாகத் தொடர்ந்து பார்த்தால் அவை கிழங்கைச் சுற்றிச் சுருள் வடிவில் செல்வதையும், ஒரு முனையில் நெருக்கமாகவும் மறுமுனையில் தள்ளித் தள்ளியும் இருப்பதையும் காணலாம். நெருக்கமான முனையே தண்டின் நுனி. மறுமுனையில் உள்ள சிறிய வடு, தாய்ச்செடியிலிருந்து வந்த கொடி அறுந்த இடம்.

அப்படியானால் சமையலறைக்கு வரும் கிழங்குகள் எல்லாம் தண்டுகளா?

இல்லை. உருளை, சேனை, சேப்பங்கிழங்கு ஆகியவை தண்டுகள். சர்க்கரைவள்ளியும் மரவள்ளியும் பருத்த வேர்கள். கேரட், பீட்ரூட், முள்ளங்கி ஆகியவற்றிலும் பெரும்பகுதி வேரே. பொங்கலுக்கு வரும் பனங்கிழங்கு இந்த இரண்டு கணக்கிலும் அடங்காது; அது பனங்கொட்டையின் முளை மண்ணுக்குள் இறங்கி மாவுச்சத்தோடு திரண்ட பகுதி. நிலக்கடலையோ மண்ணுக்குள் முதிரும் காய்.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பது அன்று. மரவள்ளிக் கிழங்கில் மொட்டு இல்லாததால் அதை நட்டால் செடி வராது; சேலம், நாமக்கல் பகுதி விவசாயிகள் செடியின் தண்டைக் கரணைகளாக வெட்டித்தான் நடுகிறார்கள். உருளையில் அதற்கு நேர்மாறாக, கிழங்கையே நடுகிறார்கள். சர்க்கரைவள்ளி வேராக இருந்தும் புதிதாக மொட்டுகளை உண்டாக்கி முளைக்கக்கூடியது என்பதால் மாணவர்களைச் சற்றுக் குழப்பும். ஆனால் அந்த முளைகள் கணுவிலிருந்து வருபவை அல்ல. அதன் தோலில் கணுவைத் தேடினாலும் கிடைக்காது.

தரைகீழ்த் தண்டுகளில் எத்தனை வகைகள் உள்ளன?

பாடநூல்கள் நான்கைச் சொல்கின்றன. மண்ணுக்குள் கிடைமட்டமாகக் கிளைத்து ஓடும் இஞ்சி, மஞ்சள், தாமரை போன்றவை மட்டநிலத்தண்டு. உருளையைப் போல, மெல்லிய நிலத்தடிக் கொடியின் நுனி மட்டும் பருத்துத் திரண்டால் அது தண்டுக்கிழங்கு. சேனை, சேம்பு, குங்குமப்பூ ஆகியவற்றில் காண்பது போல நிமிர்ந்த நிலையில் கட்டையாகப் பருத்த தண்டு கந்தம். வெங்காயம், பூண்டு, லில்லி ஆகியவற்றில் உள்ளது குமிழம்; இதில் தண்டு என்பது அடியில் உள்ள தட்டையான வட்டு மட்டுமே, நாம் உண்ணும் பகுதி சத்தைச் சேர்த்துச் சதைப்பற்றான இலையடிகள்.

வெங்காயத்தை வேர்ப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி நெடுக்காக வெட்டினால் இதை ஒரே பார்வையில் புரிந்துகொள்ளலாம். அடித்தட்டின் கீழ்ப்புறத்திலிருந்து வேர்கள் கிளம்புகின்றன, மேற்புறத்திலிருந்து அடுக்கடுக்காக இலைகள் எழுகின்றன, நடுவில் நுனிமொட்டு இருக்கிறது. சின்ன வெங்காயத்தில் அந்த நுனிமொட்டோடு பக்கமொட்டுகளும் தனித்தனியே பருப்பதால்தான் ஒரு தோலுக்குள் இரண்டு மூன்று பிரிவுகள் இருக்கின்றன. நட்ட ஒரு வெங்காயம் ஒரு கொத்தாகப் பெருகுவதும் அதனால்தான்.

வாழைத்தண்டு தரைக்கு மேலேதானே இருக்கிறது? வாழையை ஏன் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள்?

வாழையில் நாம் மரம் என்று எண்ணுவது, ஒன்றை ஒன்று இறுக்கிச் சுற்றிய இலையுறைகளின் கட்டு. அதற்குப் பொய்த்தண்டு என்று பெயர். உண்மையான தண்டு மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. இலைகள் அனைத்தும் அதன் நுனியிலிருந்தே பிறக்கின்றன. போதிய இலைகள் வந்த பிறகு அந்த நுனி பூந்தண்டாக மாறி, பொய்த்தண்டின் நடுவே ஏறி, உச்சியில் பூவாக வெளிப்படுகிறது. பொரியலுக்கு நறுக்கும் வெள்ளைத் தண்டு, இலையுறைகளை உரித்த பிறகு கிடைக்கும் அந்தப் பூந்தண்டே.

ஒரு நுனி ஒரு முறைதான் பூக்கும். தார் வெட்டிய பிறகு அந்த மரத்துக்கு வேறு வேலை இல்லை. ஆனால் கிழங்கின் பக்கமொட்டுகள் அதற்குள் கன்றுகளாக எழுந்திருக்கும். அந்தக் கன்றை வளர்த்து எடுக்கும் அடுத்த விளைச்சலான மறுதாம்புப் பயிர் அவற்றை நம்பியே நிற்கிறது. வாழையடி வாழை என்று நாம் வாழ்த்துவதற்குப் பின்னால் இருக்கும் தாவரவியல் இதுதான்.

கன்றுகளிலும் இரு வகை உண்டு. தாய்க்கிழங்கோடு வலுவாக ஒட்டி, அடி பெருத்து, வாள் போன்ற குறுகிய இலைகளோடு வருவது ஈட்டிக் கன்று. மேலோட்டமாக ஒட்டி, சிறியதாக இருக்கும்போதே அகன்ற இலை விரிப்பது நீர்க்கன்று. பார்வைக்கு நீர்க்கன்றுதான் செழிப்பாகத் தெரியும்; ஆனால் அதன் கிழங்கு சிறியது, தாரும் அதற்கேற்பச் சிறுக்கும். நடவுக்கு 1.5 முதல் 2 கிலோ எடையுள்ள ஈட்டிக் கன்றுகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது, உயரத்தை விடக் கிழங்கின் சேமிப்பே முக்கியம் என்பதால்தான்.

தண்டு ஏன் மண்ணுக்குள் போக வேண்டும்?

முதன்மையான காரணம் பாதகமான பருவத்தைக் கடப்பது. டென்மார்க் நாட்டுத் தாவரவியலாளர் கிறிஸ்டன் ரவுன்கியர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாவரங்களை வகைப்படுத்தியபோது, அவை மொட்டுகளை எந்த உயரத்தில் வைத்துக் காப்பாற்றுகின்றன என்பதையே அளவுகோலாகக் கொண்டார். மரம் தன் மொட்டுகளைக் காற்றில் வைத்திருக்கிறது. புல் தரையை ஒட்டி வைத்திருக்கிறது. கிழங்குத் தாவரங்கள் மண்ணுக்குள் புதைத்து வைத்திருக்கின்றன. நம் ஊரில் அதற்குக் காரணம் கோடை வறட்சி, குளிர்நாடுகளில் உறைபனி. காட்டுத்தீயும் மேய்ச்சலும் பொது. மேலே உள்ளது முழுவதும் கருகினாலும் மேயப்பட்டாலும், சில அங்குல மண்ணுக்குக் கீழே மொட்டும் அதற்கான உணவும் பத்திரமாக இருக்கும்.

இதில் சேனையின் ஏற்பாடு மிகவும் கச்சிதமானது. மழைக்காலத்தில் அது பெரும்பாலும் ஒரே ஓர் இலையைக் குடை போல விரிக்கிறது. புள்ளி புள்ளியாகத் தடித்து நிற்கும் அதன் அடிமரம் போன்ற பகுதி உண்மையில் அந்த இலையின் காம்பு. நட்ட கிழங்கு தன் சத்து முழுவதையும் அந்த இலைக்குக் கொடுத்துவிட்டு வற்றிச் சுருங்க, அந்த இலை தயாரித்த உணவு அதே இடத்தில் புதிய கிழங்காகத் திரள்கிறது. இலை காய்ந்து சாயும்போது அறுவடைக்கு இருப்பது நட்ட கிழங்கு அல்ல, அதன் வாரிசு.

தாமரைக்கு வறட்சி ஒரு புறம் என்றால், சேற்றில் காற்று இல்லாமை மறுபுறம். தாமரைக் கிழங்கைக் குறுக்கே வெட்டினால் தெரியும் பெரிய துளைகள், இலைகளில் புகும் காற்று காம்பு வழியாக இறங்கி சேற்றுக்குள் இருக்கும் தண்டை அடைவதற்கான குழாய்கள்.

மண்ணுக்குள் இருக்கும் தண்டு எப்போது கிழங்காகப் பருக்கிறது?

இது நன்கு ஆராயப்பட்டிருப்பது உருளையில். செடியின் அடியிலிருந்து நிலத்தடிக் கொடிகள் முதலில் நீளமாக ஓடும். ஒரு கட்டத்தில் அவற்றின் நுனி நீள்வதை நிறுத்திவிட்டுப் பக்கவாட்டில் பருக்கத் தொடங்கும். அதற்கான உத்தரவு இலையிலிருந்து வருகிறது. பகல் குறுகி இரவு குளிரும்போது உருளையின் இலைகளில் எஸ்.பி.6.ஏ. என்ற புரதம் உருவாகி, தண்டு வழியாகக் கீழே பயணம் செய்து கொடியின் நுனியை அடைகிறது. வேறு பல செடிகளில் பூக்கும் உத்தரவைச் சுமந்து செல்லும் புரதத்துக்கு இது நெருங்கிய உறவு. மேலே பூவைத் தூண்டும் குடும்பம் கீழே கிழங்கைத் தூண்டுகிறது என்பது இந்தத் துறையின் அழகான கண்டுபிடிப்புகளில் ஒன்று என்பேன்.

இரவு வெப்பம் 20 பாகை செல்சியசுக்கு மேல் நீடித்தால் இந்த உத்தரவு வலுவிழக்கிறது; செடி தழைத்து நிற்கும், கிழங்கு சிறுத்திருக்கும். உருளை தமிழ்நாட்டில் நீலகிரியையும் கொடைக்கானல் மலையையும் நாடியதற்கும், வட இந்தியச் சமவெளியில் குளிர்காலப் பயிராக இருப்பதற்கும் இதுவே காரணம். ஆகவே சமவெளி மாடித்தோட்டங்களில் கோடையில் உருளையை நட்டு, இலை வளமாக இருந்தும் கிழங்கு இல்லையே என்று உரத்தைக் குறை சொல்வதில் பயனில்லை. தழைச்சத்தைக் கூட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

ஒரு கிழங்கில் பல மொட்டுகள் இருந்தும் ஒன்றிரண்டு மட்டும் ஏன் முளைக்கின்றன?

நுனிமொட்டு மற்றவற்றை அடக்கி வைக்கிறது. நுனியில் உருவாகும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி கீழ்நோக்கிப் பாய்ந்து, பக்கமொட்டுகள் விழிக்காதபடி தடுக்கிறது. இது நுனி ஆதிக்கம் எனப்படும். செடியின் நோக்கில் இது சிக்கனம்; எல்லா மொட்டும் ஒரே நாளில் முளைத்து, அந்த முளைகள் கருகிப்போனால் மீள வழி இருக்காது.

நுனியை நீக்கினாலோ கிழங்கைத் துண்டாக்கினாலோ ஆதிக்கம் உடைந்து, ஒவ்வொரு துண்டிலும் மொட்டு விழிக்கிறது. விதை உருளையை வெட்டி நடும்போது துண்டுக்கு இரண்டு கண்களாவது இருக்க வேண்டும் என்று சொல்வது இதை ஒட்டியே. சேனையில் விதி வேறு: மேற்பரப்பின் நடுவில் உள்ள குருத்து முக்கியமானது என்பதால், அந்த நடுவளையத்தின் ஒரு பங்கு ஒவ்வொரு துண்டிலும் வரும்படி ஆப்பு வடிவில் கீறுகிறார்கள். வெட்டுவாய் அழுகாமல் இருக்கச் சாணிக் கரைசலில் நனைத்து நிழலில் உலர்த்திய பின் நடுவது வழக்கம். ஓரத்துத் துண்டை மட்டும் நட்டவர்கள் முளைக்காகப் பல வாரம் காத்திருக்க நேரிடும்.

அறுவடை செய்த உடனே எந்த மொட்டும் முளைக்காது என்பதையும் கவனிக்க வேண்டும். புதிய உருளைக்கு இரண்டு மூன்று மாத உறக்கநிலை உண்டு. அது முடியாமல் நட்டால் மண்ணிலேயே கிடந்து அழுகும் வாய்ப்பு அதிகம்.

கடையில் வாங்கிய காய்ந்த மஞ்சளை நட்டால் முளைக்குமா?

முளைக்காது. சந்தைக்குச் செல்லும் மஞ்சள் வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்றப்பட்டது. வேகும்போதே மொட்டுகள் இறந்துவிடுகின்றன. ஈரோட்டுப் பகுதியில் தை, மாசியில் வெட்டும் மஞ்சளில் விதைக்கென ஒரு பங்கைப் பச்சையாகவே ஒதுக்கி, நிழலில் குவித்து, மஞ்சள் இலையாலோ வைக்கோலாலோ மூடி வைத்து, வைகாசிவாக்கில் நடுவார்கள். நடுவில் உருண்டையாக இருக்கும் தாய்க்கிழங்கு குண்டு மஞ்சள், அதிலிருந்து கிளைத்தவை விரலி மஞ்சள். இரண்டையும் விதைக்குப் பயன்படுத்தலாம். ஒரு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 1500 முதல் 2000 கிலோ விதைக்கிழங்கு பிடிக்கும் என்பதால், மஞ்சள் சாகுபடியில் விதைச்செலவு கணிசமானது.

வேறு வழியும் இல்லை. மஞ்சள் மும்மடியக் குரோமோசோம் கொண்ட பயிர்; அதாவது அதன் குரோமோசோம்கள் வழக்கமான இரண்டு தொகுதிகளுக்குப் பதில் மூன்று தொகுதிகளாக உள்ளன. பூக்கும், ஆனால் பயன்படும் அளவுக்கு விதை கட்டாது. பயிரிடப்படும் இஞ்சியும் விதை தருவதில்லை. இவை இன்றுவரை நிலைத்திருப்பது முழுக்க முழுக்க நிலத்தடித் தண்டின் புண்ணியத்தால்.

கோரையைப் பிடுங்கப் பிடுங்க ஏன் அதிகமாகிறது?

பிடுங்கும்போது கையோடு வருவது பெரும்பாலும் மேல்தழை மட்டுமே. அதன் அடியில் மெல்லிய மட்டநிலத்தண்டு ஓடி, இடையிடையே கறுத்த சிறு கிழங்குகளைச் சரம்போலக் கோத்து வைத்திருக்கிறது. சரம் அறுபடாத வரையில் நுனிக்கிழங்கு மற்றவற்றை அடக்கி வைத்திருக்கும். களைக்கொத்தாலோ கலப்பையாலோ சரத்தை அறுத்தால், மேலே சொன்ன ஆதிக்கம் நீங்கி ஒவ்வொரு கிழங்கும் தனிச் செடியாகக் கிளம்புகிறது. ஈரமான நிலத்தில் ஒரு முறை மட்டும் உழுதுவிட்டு நிறுத்துவது கோரைக்கு நாற்று விடுவதற்குச் சமம்.

ஆனால் அந்தக் கிழங்குக்கு ஒரு பலவீனம் உண்டு: உலர்ந்தால் செத்துவிடும். கிழங்குகளில் பெரும்பகுதி மேல் 15 சென்டிமீட்டர் மண்ணுக்குள்ளேயே இருப்பதால், சித்திரை வெயிலில் கோடை உழவு செய்து, கிழங்குகளைப் புரட்டி வெயிலில் காயவிட்டு, மீண்டும் முளைப்பவற்றை அவை புதுக்கிழங்கு வைப்பதற்குள் மறு உழவில் பிடிப்பது பலன் தரும். இடைவிடாமல் தழையை நீக்குவதும் பயன்படும். ஒவ்வொரு முளைக்கும் கிழங்கின் சேமிப்பு கரைகிறது. கோரை நிழலைத் தாங்காது என்பதால், அடர்ந்து மூடும் பயிரும் உதவும். அறுகம்புல்லும் இதே போன்ற பிடிவாதம் கொண்டது. தரைக்கு மேலும் கீழும் தண்டை ஓடவிட்டுக் கணுதோறும் வேரூன்றுவதால்தான் 'அருகுபோல் வேரூன்றி' என்ற வாழ்த்து வந்தது. வயலுக்கு அது வாழ்த்து அல்ல.

செங்காந்தள் கிழங்கை நட்டும் சில வேளை முளைக்காமல் போவது ஏன்?

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளைத் தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் மருந்துக்காகப் பயிரிடுகிறார்கள். கலப்பை போல வளைந்த அதன் கிழங்குக்கு இரண்டு கைகள். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு வளர்மொட்டு. அந்த நுனி ஒடிந்தால் மாற்று மொட்டு கிடையாது. உருளையைப் போலக் கண்டபடி வெட்டி நடவும் முடியாது. தோண்டும்போதும் மூட்டை கட்டும்போதும் காட்டும் கவனமே முளைப்பைத் தீர்மானிக்கிறது. சந்தையில் விலைபோவது கோல்சிசின் என்ற மருந்துப்பொருள் மிகுந்த அதன் விதை, ஆனால் அடுத்த பயிருக்கு நடுவது கிழங்கு. இரண்டுமே கொடிய நஞ்சு. சமையல் கிழங்குகளோடு ஒருபோதும் கலந்து வைக்கக் கூடாது.

மேலோட்டமாக நட்ட கிழங்கு தானாக ஆழத்துக்குப் போகுமா?

சில செடிகளில் போகும். குங்குமப்பூவில் ஒவ்வோர் ஆண்டும் பழைய கந்தத்தின் தலைமேல் புதிய கந்தம் உருவாகிறது. அப்படியே விட்டால் சில ஆண்டுகளில் அது தரைக்கு வந்துவிட வேண்டும். அவ்வாறு நடக்காமல் இருக்க, அதன் சில தடித்த வேர்கள் மண்ணில் நன்றாகப் பற்றிக்கொண்டு, பிறகு நீளத்தில் சுருங்கி, இளங்கந்தத்தைக் கீழே இழுக்கின்றன. சுருங்கு வேர்கள் எனப்படும் இவை பல லில்லி இனங்களிலும் உண்டு. இஞ்சியும் மஞ்சளும் அவ்வாறு இறங்குவதை நம்பியிருக்க வேண்டாம். அவற்றுக்கு மண் அணைத்துத்தான் தீர வேண்டும்.

கிழங்கு வழியாகப் பெருகுவதில் தீமை ஏதும் இல்லையா?

உண்டு. கிழங்கிலிருந்து வரும் செடி தாயின் அச்சு நகல். நல்ல சுவையும் விளைச்சலும் அப்படியே தொடரும் என்பது லாபம். தாய்க்கு எந்த நோயைத் தாங்கும் ஆற்றல் இல்லையோ, அது வயல் முழுவதற்கும் இல்லாமல் போவது நட்டம். அயர்லாந்தின் ஏழைகள் பெரிதும் லம்பர் என்ற ஒரே உருளை ரகத்தை நம்பியிருந்தபோது, 1845இல் பரவிய பின்பருவக் கருகல் நோய் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் பயிரை அழித்தது. நிலவுடைமையும் அரசின் போக்கும் சேர்ந்துகொள்ள, ஏறத்தாழ 10 லட்சம் பேர் பஞ்சத்தில் மடிந்தார்கள். வாழையில், உலக ஏற்றுமதிச் சந்தையை ஆண்ட குரோஸ் மிஷல் ரகம் பனாமா வாடல் நோயால் வீழ்ந்து, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதன் இடத்துக்குக் கேவண்டிஷ் வந்தது. இன்று அந்தக் கேவண்டிஷையும் அதே பூஞ்சையின் புதிய வகை ஒன்று துரத்துகிறது.

இன்னொரு தீமை, நோயும் பூச்சியும் கிழங்கோடேயே பயணம் செய்வது. மஞ்சளின் கிழங்கு அழுகல், வாழையின் கிழங்குக் கூன்வண்டு, உருளையின் நச்சுயிரிகள் (வைரஸ்கள்) ஆகியவை விதைப்பொருளில் ஒளிந்து அடுத்த வயலுக்கு வருகின்றன. நோய் கண்ட வயலிலிருந்து, விலை குறைவு என்பதற்காக விதைக்கிழங்கு வாங்குவதைப் போன்ற தவறான சிக்கனம் வேறில்லை. தண்டின் நுனியில் புதிய செல்களை உருவாக்கும் ஆக்குத்திசுவில் நச்சுயிரிகள் மிகக் குறைவு என்பதால், அந்த நுனியை மட்டும் எடுத்து ஆய்வகத்தில் வளர்த்து, நச்சுயிரி இல்லாத கன்றுகளை உருவாக்க முடிகிறது. நம் ஊரில் பரவலாகிவிட்ட, கேவண்டிஷ் வகையைச் சேர்ந்த ஜி-9 வாழையும் திசு வளர்ப்புக் கன்றாகவே விற்கப்படுகிறது.

முளைவிட்ட உருளையையும் பச்சையான உருளையையும் சாப்பிடலாமா?

வெளிச்சம் பட்டால் உருளையின் தோலுக்கடியில் பச்சையம் உண்டாவது, அது தண்டு என்பதற்கு இன்னொரு சான்று. பச்சையம் தீங்கற்றது; ஆனால் அதே வெளிச்சம் சொலனின் போன்ற நச்சுப்பொருள்களையும் கூட்டுகிறது, வேகவைத்தாலும் அவை பெரிதாகக் குறைவதில்லை. முளையிலும் கண்ணைச் சுற்றியும் அவை மிகுதி. சிறிய முளை மட்டும் வந்திருந்து கிழங்கு கெட்டியாக இருந்தால், முளையையும் கண்ணையும் ஆழமாகத் தோண்டி எடுத்துவிட்டுச் சமைக்கலாம். பரவலாகப் பச்சை பாய்ந்ததையும், சுருங்கிப் போனதையும், கசப்பதையும் தவிர்த்துவிட வேண்டும். நோய் அறிகுறி இல்லாத முளைவிட்ட கிழங்கை, குளிர்ந்த பருவமும் கொஞ்சம் இடமும் இருந்தால், தொட்டியில் நட்டுப் பார்க்கலாம்.